அவளுக்காகச் செய்த பின் சீட்டு

காஜா பெராங் வட்டாரத்தில் என்னைப் போல் கைதேர்ந்த பிட்டர் எவனும் இல்லை என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. அரசாங்கப் பட்டறையில் வேலை. வளைந்ததை நிமிர்த்துவேன், உடைந்ததை ஒட்டுவேன். வாயும் கொஞ்சம் நீளம்தான். அந்தத் திமிரில் மண் விழுந்த கதையை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என் மனைவி குளிக்கும் இடத்துப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள். அதற்கப்புறம் நாலு வீடு தாண்டி நடப்பதற்குள் முகம் வெளுத்துவிடும். அவள் அம்மா, அதாவது என் மாமியார், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மகனோடு இருந்தார். பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே நாலு மைல் செம்மண் பாதை. மழையோ வெயிலோ, டாக்சிக்காரன் எட்டியே கும்பிடு போட்டுவிடுவான். இப்படியே தாயும் மகளும் முகம் பார்க்காமல் இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒருநாள் அந்த மகன், என் மச்சான், வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, அம்மா படுத்துட்டாங்க. கஞ்சிகூட இறங்கல. ஒருவாட்டி ஒன் மொகத்தப் பாக்கணுமாம்" என்றான். தோட்டத்து லாரியில் ஏற்றிப் போகலாம் என்றும் சொன்னான். நான்தான் பாய்ந்தேன். "லாரியிலயா? அது குதிக்கிற குதிக்கு இருக்கிற எலும்பும் நொறுங்கிடும். நான் கூட்டிட்டு வர்றேன், போய்ச் சொல்லு!" அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. ஓட்டுகிறவனுக்கு ஒற்றை சீட்டு, பின்னால் மூட்டை கட்ட ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சாலையில் ஒரு கல் கிடந்தால் அது நேராக நம் மண்டையில் வந்து இடிக்கும். அதை மெத்தையாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

இரும்புச் சட்டத்தை அறுத்து எடுத்தேன். காயலான் கடையில் கிடந்த கார் சீட்டிலிருந்து ஸ்பிரிங்குகளைப் பிரித்து இரட்டை வரிசையாக வைத்து அடித்தேன். மேலே நாலு அங்குல நுரை ரப்பர். சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இடது பக்கம் கம்பி வலை, கால் வைக்க ஒரு பலகை, கை பிடிக்கத் தோல் வார். எல்லாம் இடது பக்கமாகவே செய்தேன். சேலை கட்டினவள் ஒரு பக்கமாகத்தானே உட்காருவாள்?

சீட்டுக்கு உறை தைத்தவர் கார் மெத்தை தைக்கும் ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி. மெரூன் ரெக்சின், ஓரத்தில் வெள்ளை நூல். அளவெடுக்கும்போது அவர் மலாய் பாஷையில் கேட்டார், முதுகு வலிக்காரிக்கு எதற்கு இந்த இடதுபக்கச் சங்கதி, கால் இரண்டு பக்கமும் போட்டால் இடுப்பு நேராக நிற்குமே என்று. "எங்க பொம்பளைங்க அப்படி உட்கார மாட்டாங்க, தவுக்கே" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துணியை வெட்டினார்.

வேலை அதோடு முடிந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி செருப்பால் அடிக்க வேண்டிய புத்தி. மெர்டேக்கா, நாட்டுக்கே விடுதலை, வரப்போகிறது, பண்டார் ஹிலிர் பக்கமெல்லாம் கொடியும் தோரணமுமாக இருக்கிறது, நம் வண்டி மட்டும் பட்டாளத்துப் பச்சையில் நிற்பதா என்று தோன்றிவிட்டது. பச்சையைச் சுரண்டினேன். கறுப்பு அடித்தேன். டாங்கியில் வெள்ளைக் கோடு இழுத்தேன், கோணிப்போனது என்று அழித்து மறுபடி இழுத்தேன். அவள் தினமும் சாயங்காலம் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்பாள். "அவசரப்படாத புள்ள, ராணி மாதிரி போவ" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை ஏற்றினேன். தெருவே பார்த்தது. முதலில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே தோட்டத்துக்கு என்று ஏற்பாடு. கோயில் திருப்பம்கூட வரவில்லை, "ஐயோ!" என்று கத்தினாள். இடுப்பு முறுகி உட்கார்ந்ததில் எலும்பைப் பிடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஆள் மிதிக்கிற ஒரு திரிஷாவில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நாலு நாள் படுத்து எழுந்தபின் அவளே மெதுவாக ஆரம்பித்தாள். "நேத்து மத்தியானம் தலகாணிமேல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து பாத்தேங்க. வலிக்கல. உங்க கால்சட்டயப் போட்டுக்கிட்டு மேல சேலயச் சுத்திக்கிறேன். அப்படிப் போயிடலாமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சம்பூ என்கிற சட்டையும் கால்சட்டையும் போட்ட சீனப் பெண்கள் தினமும் என் கண்ணெதிரே அப்படித்தான் சைக்கிளில் போனார்கள். யாரும் சிரித்ததில்லை. நான் கத்தினேன். "ஆம்பள மாதிரி கால அகட்டிக்கிட்டு என் பின்னால வரப்போறியா? ஊர் காறித் துப்பும். லயத்துல போய் இறங்கினா எவன் மூஞ்சில முழிப்பேன்?" அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. லாரியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, ரோஷம்.

சீட்டை இடதுபக்கம் பார்த்த நாற்காலி மாதிரி திருப்பிவைத்து, முதுகு சாய ஒரு சாய்மானம் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று மறுபடி ஸ்பானரைத் தூக்கினேன். ஒரு வாரம் போனது. சாய்மானத்துக்குக் குரோம் பூசக் கொடுத்திருந்தேன். அது வருவதற்குள் மாமியார் போய்விட்டார் என்று தந்தி வந்தது.

தனியாகப் போனேன். ஒண்ணேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. செம்மண் பாதை காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. பாவி வண்டி பஞ்சு மாதிரி ஓடியது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மோட்டார் சத்தம் கேட்டா போதும் மச்சான், 'வந்துட்டாளா பாரு, வந்துட்டாளா பாரு'ன்னு அம்மா ஓயாமக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கங்காணி வண்டி போனாக்கூட கேட்டாங்க." நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், இதை அக்காவிடம் எந்தக் காலத்திலும் சொல்லாதே என்று. அவன் சத்தியம் செய்தான். கடைசிவரை காப்பாற்றவும் செய்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அம்மா என்னக் கேட்டாங்களா?"

அவள் மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "இல்ல புள்ள. கடைசி நாளெல்லாம் நெனவே இல்லயாம். யாரையும் கேக்கலயாம்."

"என்னயக்கூடவா கேக்கல?" என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவள் என்னோடு இருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "எங்கம்மாவுக்குக் கடசில நான் நெனவுக்கே வரலக்கா." நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.