எரிமலைக்கு அடித்த பச்சை

சிவகாசியில் காலண்டர் சீசன் வந்துவிட்டால் அச்சகத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. எனக்கு மற்ற மாதங்களிலும் இருந்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், தாள் மடிக்கும் பிரிவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, கலர் சரிபார்க்கும் வேலைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்தில் அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

"இந்த ஆர்டரச் சரியா முடிச்சிரு, அந்த வேல ஒனக்குத்தான். சொதப்புனா மடிப்புக்கே போயிரணும்" என்றார் முதலாளி.

ஆர்டர் கொடுத்தவர் மலையேறுகிறவர். காலண்டருக்கு அவர் கொடுத்தவை, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் அவரே எடுத்த எரிமலைப் படங்கள். ஒரு சரிவு மஞ்சள், அடுத்தது துருச்சிவப்பு, நடுவே ஊதா, அடியில் சாம்பல். பூமிக்குள் கிடந்த கந்தகமும் இரும்பும் வெளியே வந்து, காற்றும் தண்ணீரும் பட்டு இப்படி ஆனதாகச் சொல்லியிருந்தார். பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மெஷின் ஓட்டிய அண்ணாச்சிக்கு அது ஒப்பவில்லை. சாமி படமோ மலையோ, நிறம் மங்கித் தெரிந்தால் மெஷினிலேயே தேற்றிவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் சிவப்பைக் குறைத்து, நீலத்தைக் கூட்டி, என் எரிமலையைக் கொடைக்கானலாக்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி பண்ணி வச்சிருக்கீக?" என்று கத்தினேன்.

"மலை மஞ்சளாவா இருக்கும் தாயி? படம் வெயில்ல காஞ்சு போயிருக்கு. ஒம் பேரு கெட்டுறக் கூடாதேன்னுதான் திருத்துனேன்."

மறுநாள் காலையில் ஆர்டர் கொடுத்த பார்ட்டி வருகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கந்தகம், இரும்பு என்று எவ்வளவு சொல்லியும் மனுஷர் அசையவில்லை.

அப்போது பட்டாசு ஆலை வேன் வாசலில் நின்று, அங்கே வேலை பார்க்கும் அண்ணாச்சியின் மனைவி இறங்கினார். தினமும் இருவரும் ஒரே சைக்கிளில்தான் வீடு திரும்புவார்கள். மதினியின் விரல்களில் கழுவியும் போகாத மஞ்சள், நக இடுக்கில் சாம்பல். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து பார்ட்டி கொடுத்த அசல் படத்தின்மேல் வைத்தேன்.

"மதினி கையில இருக்குற கந்தகந்தான் அண்ணாச்சி அந்த மலையிலயும் இருக்கு. பாருங்க."

பட்டாசுக்குள் போவதையெல்லாம் எங்கள் பக்கம் மருந்து என்போம்; அதை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். அண்ணாச்சி கையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்புட்டும் மருந்தா! அங்கன யாரு லைசென்சு குடுத்தா?"

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பாமல், மறுபடி மெஷினில் ஏறி, மையைத் திருத்த ஆரம்பித்தார்.

காலையில் வந்தவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அங்கே நின்று பார்த்த மாதிரியே இருக்கு. கலர் பார்த்தது யாரு?"

முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளதான் சார். நான் கெடுக்கப் பாத்தேன், விடமாட்டேன்னுட்டா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்வதற்குள் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் சார், ஓரத்துல கொஞ்சம் பச்ச இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."