மிளகிலைப் பச்சையில் ஒரு பிக்கப்

மிளகு பறிக்க ஏறிய ஏணி சரிந்து என் கணவர் கீழே விழுந்ததற்கு முதல் நாள்தான் எங்கள் பிக்கப் கடைசியாகத் தம்புள்ளைச் சந்தைக்குப் போய் வந்தது. வலது கையில் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது, நரம்பு சரிவரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. இனி வாகனம் ஓட்ட ஏலாது என்று டாக்டர் சொன்னபோது, அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து, பலா மரத்தடியில் நின்ற பிக்கப் தெரிகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அந்த ஜன்னல் ஆறு வருஷம் சாத்தியபடியே இருந்தது.

இருபது வருஷம் அதே பிக்கப்பில் போஞ்சி, கறிமிளகாய் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு போன மனுஷன் அவர். எங்கள் வீடு ரத்தோட்டைப் பாதையிலிருந்து மேலே ஏறும் குறுக்குப் பாதையில் இருக்கிறது. அவர் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டதும் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். அந்தச் சத்தம் நின்றபிறகு வீட்டில் என் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். பள்ளிக்கூடச் சீருடை, அபாயா, திரைச்சீலை என்று வருவதையெல்லாம் தைத்தேன். அவர் தோட்டத்தைப் பார்த்தார். விளைந்ததை வேறு யாராவது வாகனத்தில் ஏற்றிப்போவார்கள். அவர்கள் வரும் நேரத்துக்குத்தான் நாங்கள் பறிக்க வேண்டும். மூன்று தடவை வராமலே விட்டு, போஞ்சி மூட்டையிலேயே முற்றிப்போனது.

ஆறாம் வருஷம் ஒரு நாள் பழைய இரும்பு வாங்குகிறவர் லொறியோடு வந்து நின்றார். பிக்கப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டித்தான் ஏற்ற முடியும் என்றார். என் கணவர் வாசலில் நின்று, அந்தப் பக்கம் பார்க்காமலே, "வெட்டிக்கொண்டு போங்க" என்றார்.

நான் மெஷினை விட்டு எழுந்து வந்தேன். "வேணாம்" என்றேன்.

"என்னத்துக்கு வேணாம்? நான் ஓட்டவா போறேன்?"

"நான் ஓட்டுறேன்."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்ததில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. என்னிடம் ஸ்கூட்டர் லைசன்ஸ் இருந்தது, அவ்வளவுதான். இரும்புக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். என் கணவர் தோட்டத்துக்குப் போனவர் இருட்டியபிறகுதான் திரும்பினார்.

பாஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் போனட்டைத் திறந்து, எலிக்கூட்டைக் குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டு, இன்ஜின் இறுகிப்போயிருக்கிறது, இதற்காகத் தன்னுடைய நேரத்தைச் செலவழிக்க மாட்டேன் என்றார். என் கணவரின் அண்ணன், அவருக்கு நானா, எனக்குப் பெரிய மச்சான், அன்றைக்கு வந்திருந்தார். "பொம்பிளை கழட்டிப் போட்டா, பொறகு இரும்புக்காரனும் வாங்க மாட்டான்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் பின்வாங்குவதாக இல்லை.

என் தையல் மெஷினை இதுவரை யாரிடமும் திருத்தக் கொடுத்ததில்லை. கழற்றும்போது ஒவ்வொரு துண்டையும் வரிசையாக வைத்தால், அதே வரிசையில் திரும்பிப் போட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை அவ்வளவுதான். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மரத்தடியில் விரித்து, தையல் சோக்கால் கட்டம் போட்டேன். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு எண். எலி கடித்த வயர்களைப் பிரிக்க முன், ஒவ்வொரு முனையிலும் ஒரு நிற நூலைக் கட்டினேன். சிவப்பு ஹெட்லைட், மஞ்சள் சிக்னல், ஊதா ஹோர்ன். இதே மாதிரி இன்ஜினை ஒருவர் கழற்றுகிற வீடியோ போனில் கிடைத்தது. அவர் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. கைகளை மட்டும் பார்த்தேன்.

டீசலை உள்ளே பீச்சுகிற நாலு இன்ஜெக்டர்களையும் கழற்ற வேண்டும் என்று அந்தக் கைகளிலிருந்து விளங்கியது. மூன்று வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டாவது தட்டில், ஆறு வருஷம் சாத்தியிருந்த ஜன்னல் திறந்தது.

"அதுல அடிக்காத. கீழ செம்பு வாஷர் இருக்கு, நசுங்கிப்போயிடும்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். "அப்ப என்ன செய்ய?"

ஜன்னலில் தலை மறைந்தது. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. வந்து நின்றார். போனட்டுக்குள் குனிந்து பார்த்தார். "டீசல் கொஞ்சம் ஊத்தி விடு. நாளைக்குக் காலையில தானா வரும்" என்றார். மறுநாள் காலையில் அது வந்தது, தானாக இல்லாவிட்டாலும், பெரிதாகக் கஷ்டம் தராமல்.

அன்றிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டுக்கொண்டார். அவர் சொல்வார், நான் செய்வேன் என்று எல்லாரும் நினைக்கலாம். பாதி அப்படித்தான். மற்றப் பாதி நாங்கள் சண்டை பிடித்தோம். இருபது வருஷம் ஓட்டியவருக்கு அந்த வாகனத்தின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். ஆனால் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்ததில்லை. பழுதானால் கராஜில் விடுவதுதான் அவருக்கும் வழக்கம். அது எனக்குத் தெரிய வந்த நாளில் மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறுகிய இன்ஜினை அசைப்பதுதான் பெரிய வேலை. இன்ஜெக்டர் இருந்த நாலு துவாரங்களிலும் டீசலும் இன்ஜின் ஒயிலும் கலந்து ஊற்றினோம். முன்பக்கம் இருக்கும் பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகினேன். காலையில் சமையல் முடிந்ததும் ஒரு தடவை, பின்னேரம் அஸர் தொழுதபிறகு ஒரு தடவை, குழாயில் என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துவேன். அசையாது. மறுபடி ஒயில் ஊற்றுவேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் உள்ளே உலையைப் பார்க்கப் போன நேரத்தில் அவர் தானே அந்தக் குழாயைப் பிடித்திருக்கிறார். வலது கை வழுக்கி, பம்பரில் நெஞ்சு அடிபட விழுந்தார். நான் ஓடிவந்தபோது மண்ணில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கப் போனேன். "விடு" என்றார். விட்டேன். பக்கத்தில் நானும் மண்ணில் உட்கார்ந்தேன்.

"இது ஒரு கையா?" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "கால் நல்லாத்தானே இருக்கு" என்றேன். "பிரேக் வேலைக்கு அதுதான் வேணும். அதையும் உடைச்சிக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அழுகையும்தான். நான் எழுந்து சோற்றை வடிக்கப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குழாயை அழுத்தினேன். உள்ளே எங்கேயோ ஒரு சின்னச் சத்தம், காய்ந்த கொட்டைப்பாக்கு உடைகிற மாதிரி. குழாய் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து நான் கையை எடுத்துவிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "திருப்பி மேல தூக்கு. இப்ப கீழ. மெதுவா" என்றார். மேலே, கீழே, மேலே, கீழே. மத்தியானத்துக்குள் இன்ஜின் முழுச் சுற்றும் சுற்றியது. என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அன்றைக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்க ஏலவில்லை, ஆனால் ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வேலை இருந்தது. டீசல் டாங்கைக் கழற்றி, உள்ளே சரளைக் கல்லும் தண்ணீரும் போட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவைக் கழுவினோம். சிங்கள வெல்டிங் பாஸ் ஒருவர் தன் சின்ன மெஷினோடு வீட்டுக்கே வந்து, உக்கிப்போன தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார். படுக்கை விரிப்பில் கிடந்த கட்டங்களையும் எண்களையும் அவர் குனிந்து வாசித்தார். தன் கராஜில் இருக்கிறவர்களுக்கு இதைப் படம் எடுத்துக் காட்டலாமா என்று சிங்களத்தில் கேட்டார். எடுங்கள் என்றேன், ஆனால் என் முகம் படத்தில் விழக்கூடாது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

பிரேக்குக்கு அவருடைய கால்தான் வேலை செய்தது. அவர் உள்ளே உட்கார்ந்து மிதிப்பார். நான் சக்கரத்தின் பின்னால் படுத்துப் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியே விடுவேன். "அமத்துங்க. பிடிங்க. இப்ப விடுங்க." முப்பது வருஷக் கலியாணத்தில் நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டது அந்த ஒரு பின்னேரம்தான் என்று பிறகு அவரே ஊரெல்லாம் சொன்னார்.

இன்ஜினை முதலில் ஸ்டார்ட் பண்ணிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வந்தபிறகு, டீசல் போகும் வழியில் இருந்த காற்றையெல்லாம் கை பம்பை அமுக்கி அமுக்கி வெளியேற்றினேன். சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். மூன்றாம் தடவை ஒரு சிலிண்டர் பிடித்தது, பிறகு இன்னொன்று. பலா மரமே தெரியாதபடி வெள்ளைப் புகை. புகைக்குள்ளே எங்கேயோ அவர் இருமிக்கொண்டு, "நிப்பாட்டாத, நிப்பாட்டாத" என்று கத்தினார். புகை மெல்ல மெல்ல மெலிந்தது. நாலு சிலிண்டரும் சேர்ந்து ஒரே சீராக ஓடத் தொடங்கியதும் நான் தலையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டேன். என்னால் வேலைகள் செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். தையல் தெரியும், சமையல் தெரியும், பிள்ளை வளர்த்திருக்கிறேன். ஆனால் செத்தது என்று எல்லாரும் சொன்ன ஒன்றை நான் எழுப்பியது அதுதான் முதல் தடவை.

பெயிண்ட் விஷயத்தில் கடைசிச் சண்டை. பழைய நீலம்தான் வேண்டும் என்றார் அவர். நான் மிளகு இலையின் கடும்பச்சை என்றேன். தகடு முழுக்கத் தண்ணீர் ஊற்றி சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து என் நகமெல்லாம் போயிருந்தது. தேய்த்தவள் சொல்லும் நிறம்தான் என்றேன். இரவல் கொம்பிரஷர் ஒன்றைக் கொண்டுவந்து மழை இல்லாத இரண்டு நாளில் அடித்து முடித்தேன். சீட்டுக்குக் கறுப்பு ரெக்சினில் உறை தைத்தேன். அந்த ஒரு வேலையில் யாரும் எனக்கு எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் மாத்தளையில் வாகன லைசன்சுக்கும் பழகி, அதை எடுத்தும் முடித்திருந்தேன். புகைப் பரிசோதனைக்குப் போனபோது பெரிய மச்சானும் கூட வந்தார். பரிசோதனை செய்த இளைஞர் கடுதாசியை நீட்டிக்கொண்டே, இவ்வளவு பழைய இன்ஜின் இப்படிச் சுத்தமாக ஓடுகிறதே, எந்த பாஸ் செய்தார் என்று சிங்களத்தில் கேட்டார். மச்சான் முந்திக்கொண்டு அதை வாங்கி, "என் தம்பிதான், இருபது வருஷ அனுபவம்" என்று என் கணவரின் தோளைத் தட்டினார்.

என் கணவர் அந்தக் கையை விலக்கினார். "நான் சும்மா கதிரையில உக்காந்திருந்தேன்" என்றார், சிங்களத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி. "செஞ்சது இவ. கழட்டினதும் இவ, பூட்டினதும் இவ." பிறகு மச்சானிடம் தமிழில், "நீங்க பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க, நானா" என்றார்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "உண்மைதான்" என்றார். அந்த இளைஞர் கடுதாசியை மச்சானிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் எங்கள் போஞ்சியை நாங்களே பறித்து, நாங்களே ஏற்றி, விடிந்தபிறகு புறப்பட்டோம். வழியில் நாவுலையைத் தாண்டும்வரை அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. வளைவுகளில் அவருடைய இடது கால், இல்லாத கிளச்சைத் தானாக மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தம்புள்ளைச் சந்தையில் லொறிகளுக்கு நடுவே பின்னுக்கு எடுத்து நிறுத்த எனக்கு நாலு தடவை முயல வேண்டியிருந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய வியாபாரி ஒருவர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். ஆறு வருஷமாக எங்கே போனீங்க என்று கேட்டார்.

என் கணவர் போனட்டைத் திறந்து, அந்த வியாபாரியைப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். நான் மூட்டைகளை எண்ணி இறக்கிவிட்டு, பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தபோதும் அவர் காட்டி முடித்திருக்கவில்லை. இப்போது அவர்களைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள்.

பின்பக்க ஒயில் சீல் ஒன்று இன்னும் கொஞ்சம் கசிகிறது. அதை மாற்ற கியர்பொக்ஸை இறக்க வேண்டும். சீருடைத் தையல் முடிந்ததும் இறக்குவேன்.