தமேனுக்கு அடியில் ஒன்பதாம் நம்பர்

நான் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் துணி துவைத்துக் கொடுப்பவள். ஒரு கால்பந்துக் குழுவின் சட்டைகளும் என்னிடம்தான் வரும். ஒன்பதாம் நம்பர் சட்டை ஒரு போலந்துக்காரருடையது. கோல் அடிப்பதே தொழிலாக நான்கு நாடுகளில் ஆடிவிட்டு வந்தவர், இங்கே ஐந்து ஆட்டமாக ஒரு கோலும் போடவில்லை.

மழைக்காலம். இடமில்லாமல் வீட்டுக்குள் மேல்கொடியில் என் தமேனையும் கீழ்க்கொடியில் அவர் சட்டையையும் காயப்போட்டு வந்தேன். பெண்கள் இடுப்பில் கட்டும் தமேன் தலைக்கு மேல் தொங்கினால் ஆண்களின் மகிமை போய்விடும் என்பார்கள் இங்கே. தெரிந்தும், வேறு வழியில்லாமல்தான் செய்தேன். ஒருநாள் அவரோடு வந்த மேனேஜர் கோ ஜோ அதைப் பார்த்துவிட்டார்.

"மா லெச்சுமி! இதான் காரணமா? இனி ஒனக்கு வேலை கெடையாது!"

"என் தப்புதாங்க" என்று அழுதேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போலந்துக்காரர் விஷயத்தைக் கேட்டறிந்தார். நேரே தமேனுக்கு அடியில் போய் நின்று, ஈரச் சட்டையை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டார். "இவங்கதான் துவைக்கணும்" என்றார் அரைகுறை பர்மியத்தில்.

அடுத்த ஆட்டத்தில் பெனால்டியையே கோட்டை விட்டார். எனக்கு உயிரே இல்லை. மறுநாள் அழுக்குச் சட்டையைத் தாமே கொண்டுவந்து, தம் வலது காலைத் தட்டிக் காட்டினார்.

"இது செஞ்ச தப்பு."

சீசன் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். பழிபோட என் துணி கையெட்டும் தூரத்தில் தொங்கியும் அவர் போடவில்லை.

இப்போதெல்லாம் என் தமேனை வாசலில், நல்ல வெயிலில், மேல்கொடியில்தான் காயப்போடுகிறேன்.