பெருக்காத வீடு

துடைப்பம் உரசும் சத்தம் கேட்டுக் கத்திவிட்டேன். "பெருக்காதீங்க! பொண்ணு இன்னும் இறங்கல."

கணவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். டொராண்டோவுக்குப் பறக்கும் மகளின் விமானம், என் செல்போன் வரைபடத்தில் கடல்மேல் நகராமல் கிடந்தது.

அப்பா குவைத்துக்குப் பறந்தபோதும், அவர் போய்ச் சேரும்வரை அம்மா வீட்டைப் பெருக்கவில்லை. "மெட்ராசுக்கே பஸ்ஸு அரை நாளு ஓடுது. இது கடல தாண்டணும். ரெண்டு நாளாவது ஆவும்" என்றாள். எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளிலிருந்து வந்த வெள்ளைத் தூசி தரையில் படிந்தது; அதில் எங்கள் காலடிகள் தெரிந்தன. மூன்றாம் நாளும் தகவல் இல்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை. மறுநாள் தெருமுனைக் கடைக்கு போன் வந்தது.

"அன்னைக்கே வந்துட்டேன். நாலஞ்சு மணி நேரந்தான்" என்றார் அப்பா.

அம்மா அழுதுகொண்டே பெருக்கினாள்.

பல மணி நேரம் கழித்து என் செல்போன் அதிர்ந்தது. விமானம் இறங்கிவிட்டதாம். கணவர் துடைப்பத்தை எடுத்தார்.

"வைங்க கீழ. அவ பேசட்டும்."