தீட்டு வீட்டுச் சீத்தாப்பழம்

சீத்தாக்காய் கண் விரிந்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. தோலின் கண்களுக்கு நடுவே வெளுப்புத் தட்டியதும் பறித்துவிட வேண்டும். கூடையில் ஓரிரு நாளில் கனிந்துவிடும், அதற்குமேல் ஈக்குத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம், ஜவ்வாது மலையில் எங்கள் கொல்லை முழுக்க அப்படிக் கண் விரித்துக்கொண்டு நின்றது.

அந்தப் பழத்தை நான் விற்றாக வேண்டியிருந்தது. முந்தைய அறுப்பில் சாமை பதராகிப் போயிருந்தது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஊருக்குள் வந்துபோனதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பழம் வித்துச்சுன்னா இங்கயே கெடக்கறேன். இல்லன்னா மேஸ்திரி கூடப் போய்ட்டு வர்றேன்" என்றார். போனவர்கள் திரும்பிய லட்சணம் எனக்குத் தெரியும். சிலர் குடியோடு வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

இரண்டு பேருமாகப் பறித்து, கூடைகளில் காய்ந்த புல் பரப்பி அடுக்கினோம். மறுநாள் ஒடுகத்தூர்ச் சந்தை. அடுக்கி முடிப்பதற்குள் பங்காளி வீட்டுப் பெரியவர் செத்துப்போனார் என்று சேதி வந்தது. நல்ல மனுஷர்தான். ஆனாலும் சாவதற்கு அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால், கருமாதி முடிகிறவரை பங்காளிகள் யாரும் விளைந்ததை விற்கக் கூடாது.

"தீட்டு. சந்தைக்கு எடுத்துட்டுப் போவக்கூடாது" என்றார் வீட்டுக்காரர், கூடைப் பக்கம் திரும்பாமலே.

என்னால் உட்கார முடியவில்லை. சாவு வீட்டுக்கும் கூடைக்குமாக நடந்தேன். போகிறபோதெல்லாம் ஒரு காயை அமுக்கிப் பார்ப்பேன். அமுக்கி அமுக்கியே சிலதைக் கன்ற வைத்துவிட்டேன். அடக்கம் முடிந்ததும் அடுத்த மேட்டிலிருந்த என் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவன் வேறு வகையறா, அவனுக்குத் தீட்டில்லை.

"உள்ள வராத, அங்கயே நில்லு. இன்னா விசயம்?" என்றான். வாசலுக்கு வெளியே நின்று கத்திச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "தீட்டு வூட்டுப் பழத்த நான் வித்தா ஊரு சும்மா இருக்குமா?"

அண்ணிதான் சண்டைக்கு வந்தாள். "பறிச்சப்ப பெருசு உசுரோடதான இருந்தாரு? அப்பறம் பழத்துக்கு ஏது தீட்டு? போய்யா, பெருசா பேச வந்துட்ட!"

விடிந்ததும் இருவரும் வந்தார்கள். கூடைகளைக் கொல்லை ஓரத்தில் வைத்துவிட்டு நான் விலகிக்கொண்டேன். அவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்று பகலெல்லாம் மழை வருமோ, வழியில் தடுக்கி விழுவார்களோ, கீழே யாராவது விஷயத்தைச் சொல்லிவிடுவார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பொழுது சாய அண்ணன் வெறுங்கூடையோடு வந்தான். காசு முடிச்சைக் கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். "எறக்கி வெச்சதுதான் தெரியும், மொய்ச்சிட்டாங்க. அடுத்த சந்தைக்கும் கேக்கறாங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "யோவ், எல்லாம் வித்துடுச்சுய்யா!"

அவர் வேட்டி சட்டையைத் துணிப்பையில் திணித்துக்கொண்டிருந்தார். "வித்துடுச்சா? நல்லதாப் போச்சு. வண்டிச் செலவுக்கு இன்னா பண்றதுன்னு பாத்துட்டிருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "தீட்டுன்னியே? இப்ப மட்டும் மலை எறங்கலாமா?"

"விக்கத்தான் கூடாது. போவக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரியோடு போக ஒரு சாக்கு வேண்டி, பழம் அழுகட்டும் என்றுதான் அந்த மனுஷன் காத்திருந்திருக்கிறார். முடிச்சை முந்தானையில் இறுக்கிக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நடந்தே போ" என்றேன்.

நடந்தேதான் போனார்.