பின்னுக்கு எடுக்காத டிரைவர்

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் அவர். நரைத்த மீசை, கழுத்தில் சிவப்புத் துவாய். ஒடுங்கிய வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறுதலாகத் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். எதிர் பஸ் டிரைவரும் அசையவில்லை. என் மடியிலிருந்த மகனுக்குக் காய்ச்சல் கொதித்தது. தாமதித்தால் கண்டியில் டொக்டர் போய்விடுவார்.

"அண்ணே, கொஞ்சம் பின்னுக்கு எடுங்களேன்."

"எடுக்கலாம் தங்கச்சி. இன்னிக்கி எடுத்தா நாளைக்கும் நாமதான் எடுக்கணும். பொறுங்க, அவனுக்குப் பொறுமை கம்மி."

"பழம் முடியிற வரைக்கும்தான் ஒங்க பொறுமையும்!" என்றார் பின்னாலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

நடந்தாவது போகலாமென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அப்படியே அவன் பஸ்ஸுக்கு முன்னால போங்க. மெதுவா," என்றார் எங்கள் டிரைவர்.

போனேன். துணியில் சுற்றிய பிள்ளையைக் கண்டதும் எதிர் பஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு பின்னுக்கு எடுத்தார்.

நான் திரும்ப ஏறியபோது எங்கள் டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பிடித்துவிட்டோம். ஆனாலும் அவர் என் பிள்ளைக்காக அந்த யோசனையைச் சொன்னாரா, தான் வெல்வதற்காக என் பிள்ளையை முன்னால் அனுப்பினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.