அப்பா கேட்ட ஸ்பெயின் சிப்பாயின் கதை

அம்மா இறந்துபோன மறு வருஷம் அப்பாவை விசிட் விசாவில் அஜ்மானுக்கு வரவழைத்தேன். பிளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை துபாயில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். அப்பாவும் இருந்தவர்தான். ஆனால் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

பழைய ஆயுதங்கள் வைத்திருந்த கூடத்தில், கண்ணாடிக்குள் ஓர் இரும்பு மார்க்கவசம் இருந்தது. இடது பக்கம் நசுங்கிப்போயிருந்தது. அப்பா அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"யாருதும்மா இது?"

பக்கத்துப் பலகையைப் படித்துத் தமிழில் சொன்னேன். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பெயின் சிப்பாய் ஒருவனுடையது. சின்ன வயசிலேயே வீட்டைவிட்டு ஓடியவன். பட்டாளத்துச் சமையல்காரனுக்கு எடுபிடியாக இருந்து, பிறகு ஈட்டி பிடித்தான். நெதர்லாந்துச் சேற்றில் சண்டை போட்டான். கடற்கொள்ளைக்காரர்களிடம் மாட்டி, அடிமையாகத் துடுப்பு வலித்தான். தப்பித்து வந்து மறுபடியும் பட்டாளத்திலேயே சேர்ந்தான். வயதான பிறகு தன் கதையைத் தானே எழுதினான்.

"கூட இருந்து செத்தவங்களைப் பத்தி எழுதினானா?"

"அதெல்லாம் இதுல போடலப்பா."

அப்பா கூடத்தைவிட்டு வெளியே நடந்தார்.

திரும்பும்போது ஷார்ஜா டிராஃபிக்கில் வண்டி நகரவில்லை. அவராகவே பேச ஆரம்பித்தார். இலங்கைக்குப் போன இந்தியப் படையில் அவர் இருந்தது எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் கூட இருந்தார் என்பது தெரியாது.

"யாழ்ப்பாணத்துல ஒரு ரோட்டுல எனக்கு முன்னாடி நடந்து போனான். கண்ணிவெடி. எனக்கு ஏற்கெனவே லீவு சாங்ஷன் ஆகியிருந்துச்சு. ஊர்ல இறங்கினதும் நேரா அவன் வீட்டுக்குப் போனேன். தந்தி இன்னும் போய்ச் சேரல."

"அவங்க வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது. அவன் சம்சாரம் சிரிச்சுக்கிட்டே வந்து, 'அண்ணே, அவரு எப்ப வராரு?'ன்னு கேட்டுச்சு. இரும்மா, வெயில்ல வந்தேன்னு சொன்னேன். காபி போட்டுக் குடுத்துச்சு. மெதுவாத்தான் குடிச்சேன். குடிச்சு முடிக்கிற வரைக்குமாவது அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு."

"அப்புறம்?"

"சொன்னேன்."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

"அவங்க இப்ப எங்கப்பா இருக்காங்க?"

"தெரியாது. அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே என்னால போக முடியல."

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை.